மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர்: பாக்கெட் வடிகட்டலை முன்வைத்து ஒரு மதிப்புரை

மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால், எந்தப் பாக்கெட்டை (வலையில் பயணிக்கும் தரவுத் துண்டை) எந்த விதியால் உள்ளே விட்டது, எந்த விதியால் தடுத்தது என்பதை ஒளிக்காமல் காட்டும் பெட்டி என்று சொல்வேன். லாத்வியா நாட்டின் ரீகா நகரில் 1996இல் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் தயாரிப்பு இது. பதினைந்து இருபது கணினிகள், ஒரு சிசிடிவி ரெக்கார்டர், ஒரு வருகைப்பதிவுக் கருவி, வந்து போகிறவர்களுக்கென ஒரு வைஃபை என்று இருக்கும் எங்கள் அலுவலகம் போன்ற இடத்துக்கு இது பொருந்துமா என்பதை, பாக்கெட் வடிகட்டல் என்ற ஒரே கோணத்திலிருந்து இங்கே பார்க்கிறேன். வைஃபை எவ்வளவு தூரம் எட்டும் என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. இந்த மாடலில் வைஃபையே கிடையாது, அதற்குத் தனியாக ஆக்சஸ் பாயின்ட் என்ற வைஃபை பெட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

வன்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கை அகலப் பெட்டி; ஐந்து கிகாபிட் ஈதர்நெட் போர்ட்கள். பலரிடம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்பி750ஜிஆர்3 என்ற பழைய மாடலில் 880 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இரண்டு கோர் கொண்ட மீடியாடெக் எம்டி7621ஏ சிப், 256 எம்பி ரேம், 16 எம்பி மட்டுமே கொள்ளும் ஃபிளாஷ் ஆகியவை இருக்கின்றன. 2024இல் வந்த புதிய ஹெக்ஸ் ஏஆர்எம் சிப்புக்கு மாறி, 512 எம்பி ரேமும் 128 எம்பி சேமிப்பும் பெற்றிருக்கிறது. அப்போது நிறுவனம் அறிவித்த விலை சுமார் 60 டாலர். இந்த விலைக்குள் ரவுட்டர்ஓஎஸ் இயங்குதளத்தின் நான்காம் நிலை உரிமமும் அடங்கும். ஆண்டுச் சந்தா எதுவும் இல்லை, மேம்படுத்தல்களுக்குத் தனிக் கட்டணமும் இல்லை. ஆயிரக்கணக்கான டாலர் விலையில் அதே நிறுவனம் விற்கும் பெரிய ரவுட்டர்களில் ஓடும் அதே ரவுட்டர்ஓஎஸ்தான் இந்தச் சிறு பெட்டியிலும் ஓடுகிறது என்பது இதன் முதல் சிறப்பு.

பெட்டியைத் திறந்து, இணைய சேவை நிறுவனத்தின் கேபிளை முதல் போர்ட்டிலும் கணினியை வேறொரு போர்ட்டிலும் செருகி, 192.168.88.1 என்ற முகவரியில் வின்பாக்ஸ் என்ற மைக்ரோடிக்கின் நிர்வாகச் செயலி வழியாக உள்ளே நுழைந்து, ஐபி, ஃபயர்வால், ஃபில்டர் ரூல்ஸ் என்ற பக்கத்தைத் திறந்தால் தொழிற்சாலையிலேயே எழுதிவைத்த விதிகள் அங்கே இருக்கும். பலரும் இந்தப் பக்கத்தைப் பார்க்காமலேயே ரவுட்டரை ஓட்டிவிடுகிறார்கள். வாங்கிய அன்றே அரை மணி நேரம் ஒதுக்கி இந்த விதிகளை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பாக்கெட் வடிகட்டலைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சுருக்கமான பாடத்தை நான் பார்த்ததில்லை.

இந்த விதிகள் செயின் எனப்படும் தொகுதிகளாக இருக்கின்றன. ரவுட்டருக்கே வரும் பாக்கெட்டுகளை இன்புட் செயின் கவனிக்கிறது. ரவுட்டரின் ஊடாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லும் பாக்கெட்டுகளை ஃபார்வர்ட் செயின் கவனிக்கிறது. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்புட் செயினில் முதல் விதி, ஏற்கெனவே நிறுவப்பட்ட இணைப்புக்கும் அதைச் சார்ந்த இணைப்புக்கும் உரிய பாக்கெட்டுகளை விட்டுவிடுகிறது. அடுத்தது, எந்த இணைப்பிலும் சேராத செல்லாத பாக்கெட்டுகளைக் கீழே போடுகிறது. மூன்றாவது, பிங் போன்ற சோதனைச் செய்திகளையும் பிழைச் செய்திகளையும் சுமக்கும் ஐசிஎம்பியை அனுமதிக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி முழுவதையும் அடைத்துவிடும் பழக்கம் நம்மிடையே இருப்பதால், இந்த மூன்றாவது விதியை அழிக்காமல் வைத்திருங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்; பிங் பதில் வராமல் போவதால் யாரும் பாதுகாப்படைந்துவிடுவதில்லை, பழுது கண்டுபிடிப்பதுதான் கடினமாகிறது. நான்காவது விதி, ரவுட்டர் தன்னோடு தானே பேசப் பயன்படுத்தும் உள்முகவரிக்கானது. ஐந்தாவது விதிதான் கதவு: லேன் (உள்வலை) என்ற பட்டியலில் இல்லாத எந்த இடைமுகத்திலிருந்து (போர்ட் போன்ற நுழைவாயிலிலிருந்து) வந்தாலும் தடு.

ஃபார்வர்ட் செயினில் ஐபிசெக் என்ற மறையாக்கச் சுரங்கப் போக்குவரத்துக்கு இரண்டு விதிகள், பிறகு ஃபாஸ்ட்டிராக் என்ற குறுக்குவழி (பின்னால் விளக்குகிறேன்), பிறகு நிறுவப்பட்ட இணைப்புகளுக்கு அனுமதி, செல்லாதவற்றுக்குத் தடை, கடைசியாக ஒன்று: வேன் (வெளி இணையப் பக்கம்) பட்டியலில் உள்ள இடைமுகம் வழியாகப் புதிதாக வந்து, நாம் முன்கூட்டியே திருப்பிவிடச் சொல்லாத எதையும் தடு. ஆக மொத்தம் பதினொரு விதிகள். இவற்றோடு எண் வரிசையின் தலையில், ஃபாஸ்ட்டிராக் வழியாகப் போன பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைக் காட்டுவதற்காகவே தானாகத் தோன்றும் ஒரு போலி விதியும் தெரியும். அதை அழிக்க முயல வேண்டாம், அது எதையும் வடிகட்டுவதில்லை.

இன்புட் செயினின் கடைசி விதியையும் ஃபார்வர்ட் செயினின் கடைசி விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மிகவும் அவசியம். முன்னது "லேன் அல்லாத எதுவும்" என்று எழுதப்பட்டிருக்கிறது. பின்னது "வேன் வழியாக வருவது" என்று எழுதப்பட்டிருக்கிறது. புதிய இடைமுகம் ஒன்று உருவாகி, அது எந்தப் பட்டியலிலும் சேர்க்கப்படாமல் இருந்தால், முன்னது அதைத் தடுக்கும், பின்னது அதைக் கண்டுகொள்ளாது. நம் ஊர் ஃபைபர் இணைப்புகளில் இன்னும் பரவலாக இருக்கும் பிபிபிஓஇ முறையில் இது நேரடியாக வந்து இடிக்கும். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து பிபிபிஓஇ கிளையன்டைக் கையால் உருவாக்கினால், இணையம் வந்து சேர்வது முதல் போர்ட்டின் வழியாக அல்லாமல், அதன் மேல் உருவான புதிய இடைமுகத்தின் வழியாக. அதை இன்டர்ஃபேஸ் லிஸ்ட் பக்கத்துக்குப் போய் வேன் பட்டியலில் சேர்க்காவிட்டால், உள் முகவரியை வெளி முகவரியாக்கும் முகவரி மாற்றத்தைச் செய்யும் மாஸ்கரேட் விதியும் அதே பட்டியலையே நம்பியிருப்பதால், உள்ளே இருக்கும் கணினிகளுக்கு இணையம் கிடைக்காது. அப்போது அவசரத்தில் சிலர் அந்த மாஸ்கரேட் விதியில் மட்டும் புதிய இடைமுகத்தின் பெயரை எழுதிவிடுவார்கள். இணையம் ஓடத் தொடங்கிவிடும், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் ஃபார்வர்ட் செயினின் கடைசித் தடை இனி எந்தப் பாக்கெட்டுக்கும் பொருந்தாமல் பூச்சிய எண்ணிக்கையோடு நின்றுகொண்டிருக்கும். ஒரு விதி அங்கே இருப்பதாலேயே அது வேலை செய்கிறது என்று பொருளில்லை.

அந்தப் பூச்சியத்தை நாம் பார்க்க முடிகிறது என்பதற்காகவே இந்த ரவுட்டரை நான் மதிக்கிறேன். ஒவ்வொரு விதியின் பக்கத்திலும் பொருந்திய பாக்கெட்டுகளும் பைட்டுகளும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வெளி முகவரி நேரடியாகக் கிடைத்த இணைப்பில், இன்புட் செயினின் கடைசித் தடையின் எண்ணிக்கை ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஏறிவிடும். உலகெங்கும் இருந்து 22, 23, 8291 போன்ற போர்ட் எண்களை, அதாவது சேவைகளின் கதவு எண்களை, தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் ஓய்வதேயில்லை. அந்த விதியில் பதிவு செய்யும் வசதியை இயக்கி, முன்னொட்டாக ஒரு சொல்லையும் கொடுத்துவிட்டால், எந்த முகவரியிலிருந்து எந்தப் போர்ட்டுக்கு வந்தார்கள் என்பது பதிவேட்டில் வரிவரியாகத் தெரியும். ஒருநாள் பார்த்துவிட்டு அணைத்துவிடுவது நல்லது. பதிவேடு முழுவதும் அதுவே நிரம்பி, தேவையான செய்திகள் புதைந்துபோகும்.

விதிகளின் வரிசையே இங்கே சட்டம். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, விடு அல்லது தடு என்று சொல்லும் முதல் பொருத்தத்தோடு ரவுட்டர் நின்றுவிடும். புதிதாக எழுதும் விதி பட்டியலின் அடியில் போய் உட்காரும். இன்புட் செயினில் எதையாவது அனுமதிக்கும் விதியை எழுதிவிட்டு அப்படியே விட்டால், "லேன் அல்லாத எதுவும்" என்ற தடைக்குக் கீழே அது பயனற்றுக் கிடக்கும். வெளியிலிருந்து மறையாக்கத்தோடு உள்வலைக்குள் வர உதவும் வயர்கார்டு விபிஎன் அமைப்பவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ரவுட்டர்ஓஎஸ் 7இல் வயர்கார்டு உள்ளேயே இருக்கிறது, அதன் இயல்பான யுடிபி (பாக்கெட் அனுப்பும் முறைகளில் ஒன்று) போர்ட் 13231. அந்தப் போர்ட்டை அனுமதிக்கும் விதியை மவுஸால் பிடித்து இழுத்து அந்தத் தடைக்கு மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும். வைத்தவுடன் எண்ணிக்கை நகர்கிறதா என்று பார்த்தால் போதும், வேலை முடிந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

விதிகளை மாற்றும்போது தன்னையே வெளியே பூட்டிக்கொள்ளும் அச்சம் எல்லா ஃபயர்வால்களிலும் உண்டு. அதற்கு மைக்ரோடிக் வைத்திருக்கும் சேஃப் மோடு என்ற ஏற்பாடு மிக நன்றாக எண்ணிச் செய்யப்பட்டது. வின்பாக்ஸில் அந்தப் பொத்தானை அழுத்தினாலோ, டெர்மினலில் கன்ட்ரோல் விசையோடு எக்ஸை அழுத்தினாலோ, அதன் பிறகு செய்யும் மாற்றங்கள் தற்காலிகமாகவே இருக்கும். நம் இணைப்பு முறிந்துபோனால் சில நிமிடங்களில் ரவுட்டர் தானாகவே அவற்றைத் திருப்பிப் பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரி என்று உறுதியானபின் சேஃப் மோடை விட்டு முறையாக வெளியேறினால் மாற்றங்கள் நிலைத்துவிடும். திரும்பப் பெறக்கூடிய செயல்களுக்கு ஓர் உச்சவரம்பு இருப்பதால், ஒரே மூச்சில் நீண்ட பட்டியலை ஒட்டாமல் சிறுசிறு பகுதிகளாகச் செய்வதே பாதுகாப்பு. ஐபி முகவரி கைவிட்டுப் போனாலும், ஒரே கேபிளில் இருக்கும்வரை வின்பாக்ஸ் மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) வழியாக ரவுட்டரைக் கண்டுபிடித்து உள்ளே போக முடியும். ஐபி ஃபயர்வால் அந்த வழியைத் தொடுவதில்லை. தொலைவிலிருக்கும் கிளை அலுவலகத்தின் ரவுட்டரை மாற்றும்போது இந்த இரண்டாம் வழி இல்லாததால், அங்கே சேஃப் மோடை அழுத்தாமல் ஒரு விதியைக்கூடத் தொடக் கூடாது.

இனி அன்றாடத் தேவைகளுக்கு வருகிறேன். முதலில் சிசிடிவி ரெக்கார்டர். மலிவான ரெக்கார்டர்கள் பலவற்றுக்குப் பாதுகாப்பு மேம்படுத்தல் வருவதேயில்லை. அவை இணையத்தோடு பேசாமல் இருப்பதே நல்லது. ரெக்கார்டருக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கி, அந்த முகவரியிலிருந்து வேன் பட்டியலை நோக்கிச் செல்லும் எதையும் தடு என்று ஃபார்வர்ட் செயினில், ஃபாஸ்ட்டிராக் விதிக்கு மேலே, ஒரே வரியில் எழுதிவிடலாம். எண்ணிக்கை ஓடத் தொடங்கும். யாரும் தொடாத நேரத்தில்கூட அந்தப் பெட்டி எத்தனை முறை வெளியே பேச முயல்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். இதனால் உரிமையாளரின் கைப்பேசிச் செயலியில் நேரலைக் காட்சி நின்றுபோகும், ஏனென்றால் அந்தச் செயலிகள் பெரும்பாலும் ரெக்கார்டர் உள்ளிருந்து வெளியே ஏற்படுத்தும் இணைப்பையே நம்பியிருக்கின்றன. அதற்கு மாற்றாக வயர்கார்டு வழியாக அலுவலகத்துக்குள் வந்து பார்க்கச் சொல்ல வேண்டும்; அதை அவருக்கு முதலிலேயே விளக்கிவிடுவது நலம்.

ஆனால் ரெக்கார்டரும் கணக்குப் பிரிவுக் கணினியும் ஒரே பிரிட்ஜில் (போர்ட்களை ஒரே வலையாக இணைக்கும் அமைப்பில்) இருந்தால், அவ்விரண்டுக்கும் இடையிலான பேச்சை ஃபார்வர்ட் செயின் தடுக்காது. ஒரே பிரிட்ஜுக்குள் நடக்கும் போக்குவரத்து இயல்பான அமைப்பில் ஐபி ஃபயர்வாலுக்குள் நுழைவதே இல்லை. எவ்வளவு அழகாக விதி எழுதினாலும் எண்ணிக்கை பூச்சியத்திலேயே நிற்கும். பிரித்து வைக்க வேண்டியவற்றைத் தனி விலேன்களில் (ஒரே கம்பியமைப்புக்குள் பிரித்த தனி வலைகளில்) வைத்தால்தான், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பாக்கெட் ரவுட்டரின் ஊடாகச் சென்று நம் விதிகளைச் சந்திக்கும்.

விருந்தினர் வைஃபைக்கு அப்படி ஒரு விலேன் உருவாக்கும்போது வரும் ஓர் அறிகுறியை விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இதில் பலர் மணிக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். கைப்பேசிக்கு முகவரி கிடைக்கிறது, கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங் போகிறது. ஆனால் எந்த இணையதளமும் பெயரால் திறக்கவில்லை. காரணம் இதுதான்: முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் பாக்கெட்டுகளை ஃபயர்வாலுக்கு முன்பே நேரடியாக வாங்கிக்கொள்வதால் முகவரி தடையின்றிக் கிடைத்துவிடுகிறது, ஃபார்வர்ட் செயின் வேனிலிருந்து வருவதை மட்டுமே தடுப்பதால் பிங்கும் வெளியே போய்விடுகிறது, ஆனால் தளப் பெயருக்கு உரிய முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் பாக்கெட் ரவுட்டருக்கே வருவதால் இன்புட் செயினில் நுழைந்து, புதிய விலேன் லேன் பட்டியலில் இல்லாத காரணத்தால் கடைசி விதியில் விழுந்துவிடுகிறது. இதற்காக விருந்தினர் விலேனை லேன் பட்டியலில் சேர்த்துவிடுவது சரியான தீர்வு ஆகாது; அப்படிச் செய்தால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கமும் விருந்தினருக்குத் திறந்துவிடும். அந்த விலேனிலிருந்து யுடிபி 53க்கும் டிசிபி 53க்கும் மட்டும் இன்புட் செயினில் அனுமதி கொடுத்து, கடைசித் தடைக்கு மேலே வைக்க வேண்டும். அதோடு, விருந்தினர் விலேனிலிருந்து வேன் அல்லாத எந்தப் பக்கம் போனாலும் தடு என்ற விதியையும் ஃபார்வர்ட் செயினில் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் விருந்தினரின் கைப்பேசி கணக்குப் பிரிவுக் கணினியைத் தாராளமாக எட்டும்.

இந்தக் கடைசி விஷயம் இந்த ரவுட்டரின் அடிப்படைக் குறையோடு தொடர்புடையது. எந்த விதிக்கும் பொருந்தாத பாக்கெட்டை ரவுட்டர்ஓஎஸ் விட்டுவிடுகிறது. பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்ற ஃபயர்வால் மென்பொருள்களில் புதிதாக ஓர் இடைமுகம் சேர்த்தால், நாம் அனுமதி எழுதும்வரை அங்கிருந்து எதுவும் நகராது. இங்கே நாம் தடை எழுதும்வரை எல்லாம் நகரும். ஆகவே ஃபார்வர்ட் செயினின் அடியில், மற்ற அனைத்தையும் தடு என்ற ஒரு விதியை எழுதி, தேவையானவற்றுக்கு மட்டும் அதற்கு மேலே அனுமதி எழுதும் முறைக்கு மாறிவிடுங்கள் என்று யாருக்கும் பரிந்துரைப்பேன். லேனிலிருந்து வேனுக்கு அனுமதி, திருப்பிவிடப்பட்ட போர்ட்டுகளுக்கு அனுமதி, பிறகு முழுத் தடை. மூன்றே வரிகளில் பெட்டியின் குணமே மாறிவிடும். இதைத் தொழிற்சாலை அமைப்பிலேயே செய்து அனுப்பியிருக்கலாம்.

ஃபாஸ்ட்டிராக் என்ற வசதியைப் பாராட்டவும் வேண்டும், எச்சரிக்கவும் வேண்டும். ஓர் இணைப்பு நிறுவப்பட்டுவிட்டால், அதன் அடுத்தடுத்த பாக்கெட்டுகளைப் பெரும்பாலும் ஃபயர்வாலையும் வேகக் கட்டுப்பாட்டு வரிசைகளையும் சுற்றி நேராக அனுப்பிவிடும் குறுக்குவழி இது. இவ்வளவு சிறிய சிப் கிகாபிட் இணைப்பைத் தாங்குவதற்கு இதுவே காரணம். ஆனால் பயிற்சி அறைக் கணினிகளுக்கு மாலை 6 மணிக்குப் பிறகு இணையம் கூடாது என்று நேரத்தைக் குறித்து ஒரு தடை எழுதினால், 5.50க்குத் தொடங்கிய பதிவிறக்கம் 6.30 வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். விதியை ஃபாஸ்ட்டிராக்குக்கு மேலே நகர்த்தினாலும், முன்பே குறுக்குவழியில் ஏறிவிட்ட இணைப்பு முடியும்வரை முழுமையாக அடைபடாது. அந்தக் கணினிகளின் முகவரிகளை ஒரு முகவரிப் பட்டியலில் போட்டு, ஃபாஸ்ட்டிராக் விதியில் மூல முகவரியும் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது, சேரும் முகவரியும் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகளையும் சேர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால், திரும்பி வரும் பதில் பாக்கெட் விதிக்குப் பொருந்தி, முழு இணைப்பையும் குறுக்குவழியில் ஏற்றிவிடும். நேரத்தைச் சார்ந்த விதிகளுக்கு ரவுட்டரின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும் என்பதால், நேரத்தை இணையத்திலிருந்து பெறும் என்டிபி கிளையன்டையும் நேர மண்டலத்தையும் முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இணையதளங்களைப் பெயரால் தடுக்க இதை வாங்குபவர்கள் ஏமாற்றமடைவார்கள். டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்பின் தொடக்கச் செய்தியில் வெளிப்படையாக இருக்கும் தளப் பெயரைப் பார்த்துத் தடுக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி ஒரே டிசிபி பாக்கெட்டுக்குள் அடங்கினால்தான் அது வேலை செய்யும். 2024 முதல் குரோம் உலாவி குவாண்டம் கணினிகளையும் தாங்கும் புதிய சாவிப் பரிமாற்றத்தை இயல்பாகவே அனுப்பத் தொடங்கியதால், அந்தத் தொடக்கச் செய்தி பருத்து இரண்டு பாக்கெட்டுகளாகிவிடுகிறது. யுடிபி மேல் ஓடும் க்விக் என்ற புதிய வகை இணையதள இணைப்புகளை அந்த விதி பார்ப்பதேயில்லை. இத்தகைய தேவைக்கு டிஎன்எஸ் வடிகட்டும் சேவையே பொருத்தம். ரவுட்டரின் வேலை, உள்ளே இருப்பவர்கள் வேறு டிஎன்எஸ் சர்வர்களிடம் 53ஆம் போர்ட்டில் போகாமல் திருப்பிவிடுவதோடு நிற்கட்டும்.

பாதுகாப்பு வரலாற்றைச் சொல்லாமல் மைக்ரோடிக்கை மதிப்பிடுவது நேர்மையாகாது. வின்பாக்ஸ் சேவையில் இருந்த ஒரு துளை வழியாகக் கடவுச்சொற்களைப் படித்துவிட முடியும் என்பது 2018இல் தெரியவந்தது. நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரலில் திருத்தம் வெளியிட்டது. ஆனால் மேம்படுத்தாமல், வின்பாக்ஸின் 8291ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த ரவுட்டர்கள் ஏராளமாகக் கைப்பற்றப்பட்டு, கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்கள் அவற்றின் வழியே பரப்பப்பட்டன. 2021 செப்டம்பரில் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனத்தைத் தாக்கிய மேரிஸ் என்ற பாட்நெட்டிலும் (கைப்பற்றப்பட்ட கருவிகளின் கூட்டத்திலும்) மைக்ரோடிக் கருவிகளே பெருமளவில் இருந்தன. 2018இலேயே கடவுச்சொல் களவு போய், மென்பொருளை மேம்படுத்தியபின்னும் அதே கடவுச்சொல்லோடு ஓடிக்கொண்டிருந்த கருவிகள்தான் அவை என்று நிறுவனம் விளக்கம் தந்தது. இன்புட் செயினின் ஐந்தாவது விதி அப்படியே இருந்த ரவுட்டர்களின் 8291ஆம் போர்ட்டை வெளியிலிருந்து நேராக எட்ட வழியே இருந்திருக்காது. தொலைவிலிருந்து நிர்வகிப்பதற்காக அந்த விதியை அணைத்து வைப்பவர்களை இன்றும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. தயவுசெய்து வயர்கார்டு அமைத்து அதன் வழியே வாருங்கள். ஐபி சர்வீசஸ் பக்கத்தில் டெல்நெட், எஃப்டிபி, ஏபிஐ ஆகிய தேவையற்ற சேவைகளை அணைத்துவிட்டு, வின்பாக்ஸையும் எஸ்எஸ்ஹெச்சையும் நிர்வாகியின் முகவரிகளுக்கு மட்டும் சுருக்கிவிடுங்கள்.

அந்த ஐந்தாவது விதிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. தொழிற்சாலை அமைப்பில் ரவுட்டர் உள்ளே இருப்பவர்களுக்கு டிஎன்எஸ் பதில் சொல்லும் நிலையில் இருக்கிறது. அந்தத் தடை போய்விட்டால் உலகில் யார் கேட்டாலும் பதில் சொல்லும், போலி முகவரியோடு கேள்விகளை அனுப்பி வேறொருவர் மேல் பெரும் பதில் வெள்ளத்தைத் திருப்பிவிடும் தாக்குதலுக்கு நம் இணைப்பு கருவியாகிவிடும்.

புதிய தலைமுறை முகவரி முறையான ஐபிவி6 பற்றி ஓர் எச்சரிக்கை. ஐபிவி6க்கு முற்றிலும் தனியான ஃபில்டர் அட்டவணை இருக்கிறது. ஐபிவி4இல் எழுதிய எந்த விதியும் அங்கே செல்லாது. ரவுட்டர்ஓஎஸ் 6இல் ஐபிவி6 தனித் தொகுப்பாக அணைந்தே கிடந்தது. 7இல் அது உள்ளேயே இருக்கிறது. புதிதாக வாங்கும் கருவியில் அதற்கான தொடக்க விதிகளும் சேர்ந்தே வரும். பழைய கருவியை 6இலிருந்து 7க்கு மேம்படுத்தினாலோ, நம் அமைப்பு அப்படியே தொடரும், புதிய விதிகள் தாமாக வந்து சேர்வதில்லை. ஐபிவி6இல் பொதுவாக முகவரி மாற்றம் என்ற மறைப்பும் இருக்காது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் வெளியுலகம் எட்டக்கூடிய முகவரி கிடைக்கும். டெர்மினலில் சிஸ்டம் டிஃபால்ட் கான்ஃபிகரேஷன் பிரிண்ட் என்ற கட்டளையைக் கொடுத்தால் தொழிற்சாலை விதிகள் முழுவதும் வெளிவரும். அதிலிருந்து ஐபிவி6 பகுதியை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். அங்கே ஐசிஎம்பிவி6ஐ மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். பக்கத்துக் கருவியின் முகவரியைக் கண்டறிவதே அதன் வழியாகத்தான்.

ஆவணங்கள் ஆங்கிலத்தில் விரிவாக உள்ளன, ஆனால் புதிதாக வருபவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் நடையில் இல்லை. வின்பாக்ஸின் நான்காம் பதிப்பு லினக்ஸிலும் ஆப்பிளின் மேக் கணினிகளிலும் நேரடியாக ஓடுகிறது என்பது நல்ல முன்னேற்றம். முழு அமைப்பையும் எக்ஸ்போர்ட் கட்டளையால் சாதாரண எழுத்துக் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ள முடிவது எனக்கு மிகவும் பிடித்தது. போன மாதக் கோப்போடு ஒப்பிட்டு எந்த விதி மாறியிருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். ரவுட்டர்ஓஎஸ் 7 அந்தக் கோப்பில் கடவுச்சொற்களை இயல்பாகவே மறைத்துவிடுகிறது.

வீட்டில் செருகிவிட்டு மறந்துவிட விரும்புகிறவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்கு ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளை ஏற்றிய ஒரு நல்ல வைஃபை ரவுட்டர் போதும், அதன் மண்டல முறை இயல்பாகவே பத்திரமானது. ஓர் அலுவலகத்தின் வலையைப் பொறுப்பேற்று நடத்துகிறவருக்கும், டிசிபி ஐபியைப் புத்தகத்தில் படித்துவிட்டுக் கையால் செய்து பார்க்க ஏங்கும் மாணவருக்கும் இந்த விலையில் இதற்கு இணையாக ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புதிதாக வாங்குபவர்கள் 128 எம்பி சேமிப்புள்ள புதிய ஹெக்ஸையே கேட்டு வாங்குங்கள். 16 எம்பி ஃபிளாஷ் உள்ள பழையதில் ஒவ்வொரு மேம்படுத்தலுக்கு முன்னும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். பயன்படுத்தியதை வாங்கினால், முந்தையவர் விட்டுச்சென்ற நிரல்களும் பயனர் கணக்குகளும் எஞ்சாதபடி மைக்ரோடிக்கின் நெட்இன்ஸ்டால் என்ற நிரலைக் கொண்டு இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றிய பிறகே இணையக் கேபிளைச் செருகுங்கள்.